சாரதிக்குச் சாட்சி

வண்டி ஓட்டத் தெரிந்திருப்பது ஒரு வித்தை. ஓட்டத் தெரியும் என்று வேறு ராஜ்யத்தில் போய் நிரூபிப்பது அதைவிடப் பெரிய வித்தை. முதல் வித்தையைக் கற்றுக்கொடுக்க இன்று சின்ன ஊர்களில்கூட இரண்டு மூன்று பள்ளிக்கூடங்கள் பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. இரண்டாவது வித்தைக்குப் பலகை மாட்டியிருப்பவர்கள் தரகர்கள்தாம். அவர்கள் கற்றுக்கொடுப்பதில்லை, வாங்கிக்கொள்வதோடு சரி.

புராண காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததாகத் தெரியவில்லை. நளமகாராஜன் சூதில் நாட்டைத் தோற்று, காட்டில் மனைவியைப் பிரிந்து, கார்க்கோடகன் தீண்டியதால் உருவமும் மாறி, அயோத்திக்குப் போய்ச் சேர்கிறான். சொந்த முகமே இல்லாதவனுக்கு முகவரி ஏது? வாகுகன் என்று ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டு இருதுபன்ன ராஜனிடம் வேலை கேட்கிறான். குதிரை ஓட்டத் தெரியும், சமைக்கத் தெரியும் என்கிறான். "உன் நாட்டில் நீ தேர் ஓட்டியதற்கு யார் சாட்சி? அந்தச் சாட்சியின் கையெழுத்து மெய்தான் என்பதற்கு யார் சாட்சி?" என்றெல்லாம் இருதுபன்னன் கேட்கவில்லை. தேரைக் கொடுத்துவிட்டான். பிற்பாடு விதர்ப்ப நாட்டுக்கு ஒரே நாளில் போயாக வேண்டிய அவசரம் வந்தபோது, வாகுகன் விட்ட வேகத்தில் ராஜனின் மேலாடை காற்றில் பறந்து விழுந்தது. "நிறுத்து, எடுத்துக்கொள்ளலாம்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் அந்தத் துணி வெகு தூரம் பின்னால் போய்விட்டது. தேர் ஊருக்குள் நுழைந்த சத்தத்தைக் கேட்டே, இப்படி ஓட்டுகிறவன் உலகத்தில் ஒருவன்தான் என்று தமயந்தி கண்டுகொண்டாள். கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை, கட்டணமும் இல்லை.

இன்று நம் சர்க்கார், லைசென்ஸ் வைத்திருப்பவர்களை எல்லாம் பதிந்து வைத்திருக்கும் கணினிப் பதிவேட்டுக்குச் 'சாரதி' என்றுதான் பெயர் வைத்திருக்கிறது. பெயர் வைத்தவருக்கு நளன் ஞாபகம் இருந்ததோ, பார்த்தசாரதி ஞாபகம் இருந்ததோ, நான் அறியேன். ஆனால் வாகுகனுக்கு அந்தப் பதிவேட்டில் இடம் கிடைக்காது. பிறந்த தேதிக்கு அத்தாட்சி வேண்டுமே!

இதையெல்லாம் நான் யோசிக்கும்படி ஆனது 2024-ஆம் வருஷத்தில், என் பெரியப்பா மகனுடைய காரியமாகப் பெரியப்பாவோடு அலைந்தபோது.

பெரியப்பா வீடு பெரணமல்லூரில் இருக்கிறது. ஆரணிக்கும் வந்தவாசிக்கும் நடுவே உள்ள ஊர். ஆரணிப் பட்டு என்று கடைக்காரர் விரித்துப் போடுகிற புடைவைகளில் ஒரு பங்கு, இந்த மாதிரிச் சுற்றுப்பட்டு ஊர்களில் தறியிலிருந்து இறங்கியவைதாம். பெரியப்பா ஐம்பது வருஷம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர். கண்ணில் புரை விழுந்த பிறகுதான் எழுந்தார். மகன் தறியில் உட்காரவில்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தான். 2003-ஆம் வருஷம், பத்தொன்பதாவது வயசில், லைசென்ஸ் எடுத்தான். முதலில் ஒருவரிடம் சம்பளத்துக்கு ஓட்டினான். பிறகு, ஜனங்கள் 'சின்ன யானை' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிற டாட்டா வண்டி ஒன்றைக் கடனில் வாங்கிச் சொந்தமாக ஓட்டினான். கர்நாடகத்துப் பட்டு நூலும் சூரத்துச் சரிகையும் ஊருக்குள் வருவதும், புடைவைக் கட்டுகள் ஆரணிக்கும் காஞ்சீபுரத்துக்கும் போவதும் அவன் வண்டியில்தான். "இருபது வருஷத்தில் ஒரு புடைவை நனைந்ததில்லை, ஒரு கோழி அடிபட்டதில்லை" என்பார் பெரியப்பா. கோழி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. புடைவை விஷயம் சத்தியம்.

அவன் மனைவி நர்ஸ். கனடா தேசத்தில், ஒண்டாரியோ மாகாணத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. சின்ன யானையை விற்று, வீட்டின் மேல் கடன் வாங்கி, 2024 ஜனவரியில் இருவரும் குழந்தையோடு போய் இறங்கினார்கள். அங்கே பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனி ஒன்றில், "முழு லைசென்ஸோடு வா, வண்டி தருகிறோம்" என்றார்கள். வீட்டுக் கடனை அடைக்க அந்த வண்டியைத்தான் நம்பியிருந்தான்.

அந்த மாகாணத்துச் சட்டம் இதுதான். குடியேறி வந்தவன் தன் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு அறுபது நாள் ஓட்டலாம். அப்புறம் அங்கத்திய லைசென்ஸ் வேண்டும். அதில் மூன்று படிகள் உண்டு. எழுத்துப் பரீட்சையில் தேறினால் ஜி-1 என்று ஓர் அட்டை. பன்னிரண்டு மாதம் கழித்து ரோட்டில் ஒரு பரீட்சை, தேறினால் ஜி-2. இன்னும் பன்னிரண்டு மாதம் கழித்து மறுபடி ரோட்டில் பரீட்சை. அதிலும் தேறினால்தான் முழு ஜி. இது புதிதாகத் தொடங்குகிறவனுக்கு. வேறு தேசத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டியவன் காத்திருக்க வேண்டியதில்லை. எழுத்துப் பரீட்சை முடிந்ததும் கடைசிப் பரீட்சைக்கே போகலாம். ஆனால் அந்த அநுபவத்துக்கு ருசுக் காட்ட வேண்டும். லைசென்ஸ் கொடுத்த அலுவலகமோ, அவனுடைய தேசத்தின் தூதரகமோ உறுதி செய்து கொடுத்த கடிதம் வேண்டும். அது இங்கிலீஷில் இருக்க வேண்டும், அல்லது பிரெஞ்சில்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சரித்திர வேடிக்கை தோன்றியது. பெரணமல்லூருக்குப் பக்கத்திலிருக்கும் வந்தவாசியில்தான் 1760 ஜனவரியில் இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் மோதினார்கள். லாலி தோற்றான், கூட் ஜயித்தான். அதே யுத்தத்தில், அதே வருஷம் செப்டம்பரில், கனடாவிலுள்ள மாண்ட்ரியலும் இங்கிலீஷ்காரர் வசமாயிற்று. ஒரே சண்டையின் இரண்டு முனைகள்! இந்த முனையிலிருந்து கிளம்பிய பையனிடம் அந்த முனையில், 'இந்த இரண்டு பாஷைகளில் ஒன்றில் கொண்டுவா' என்கிறார்கள். பட்டுத் தறியின் பாஷையில் கொண்டுபோனால் செல்லாது.

அவன் கையில் இருந்ததோ புத்தம் புதிய அட்டை. 2003-இல் எடுத்த லைசென்ஸுக்கு இருபது வருஷக் கெடு முடிந்ததால், கிளம்புவதற்கு முன் புதுப்பித்துக்கொண்டான். அட்டை வெளியிட்ட தேதி 2023 டிசம்பர். அதை மட்டும் பார்த்தால், பையன் வண்டி ஓட்டக் கற்று ஒரு மாதம்தான் ஆகிறது. இருபது வருஷமும் எங்கோ ஒரு பழைய ரிஜிஸ்தரில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, அப்பாவை அழைத்துக்கொண்டு போய் அந்த ரிஜிஸ்தரிலிருந்து ஒரு நகல் சான்று வாங்கி அனுப்ப முடியுமா?" என்று அவன் என்னிடம் டெலிபோனில் கேட்டான். அதற்குள் ஊரில் சமாசாரம் பரவிவிட்டது. பெரணமல்லூரில் டீக்கடை இருக்கும் வரையில் யோசனைக்குப் பஞ்சமில்லை.

முதல் யோசனை, 'இன்டர்நேஷனல் பர்மிட்' வாங்கு என்பது. பெயரிலேயே இன்டர்நேஷனல் இருப்பதால் அது எங்கும் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். 1926-இல் பாரிஸிலும், 1949-இல் ஜெனிவாவிலும், 1968-இல் வியன்னாவிலும் தேசங்கள் கூடிப் பேசிச் செய்துகொண்ட ஏற்பாடுகளில் உருவானது அது. நம் நாட்டில் நாலு-ஏ என்ற பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே தருகிறார்கள். ஒரு வருஷம் செல்லும். மாநிலத்துக்கு ஒரு தினுசாக இருந்ததை, 2022 ஆகஸ்டில் தேசம் முழுவதும் ஒரே மாதிரியாக ஆக்கினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது தனியாக ஒரு லைசென்ஸ் அல்ல. நம் லைசென்ஸில் இருப்பதைப் பிற தேசத்துப் போலீஸ்காரன் படித்துக்கொள்ள வசதியாகப் பல பாஷைகளில் எழுதிய ஒரு மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். மூல லைசென்ஸ் கூட இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு அது போதும். குடியிருக்கப் போகிறவனுக்குப் போதாது.

இரண்டாவது யோசனை, நோட்டரியிடம் போய் ஓர் அபிடவிட் எழுதிக்கொள் என்பது. நம் ஜனங்களுக்கு முத்திரைத் தாளிடம் உள்ள பக்தி கோவிலிடம்கூட உண்டா என்பது சந்தேகம். எந்த வியாதிக்கும் முதலில் ஒரு அபிடவிட் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது யோசனை கொஞ்சம் படித்தவர்களிடமிருந்து வந்தது. "அப்போஸ்டில் வாங்க வேண்டும்" என்றார்கள். உச்சரிப்பதற்கே ஒரு மரியாதை தோன்றுகிற வார்த்தை. பிரெஞ்சு வார்த்தை, ஓரக்குறிப்பு என்று அர்த்தம். ஒரு தேசத்துப் பத்திரம் இன்னொரு தேசத்தில் செல்ல வேண்டுமானால் முன்பெல்லாம் முத்திரைக்கு மேல் முத்திரையாகப் போய்க்கொண்டே இருக்கும். 1961-இல் ஹேக் நகரத்தில் ஓர் ஒப்பந்தம் செய்து, அதில் சேர்ந்த நாடுகளுக்குள் ஒரே வில்லை போதும் என்று ஆக்கினார்கள். இந்தியாவில் அது 2005 ஜூலை 14-இல் அமலுக்கு வந்தது. கனடாவில் 2024 ஜனவரி 11-இல், எங்கள் பையன் பனியில் போய் இறங்கிய அதே மாதத்தில். சேராத நாடுகளுக்கு இன்றைக்கும் வெளியுறவு அமைச்சின் முத்திரைக்கு மேல் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும்.

இந்த வில்லை எதற்குச் சாட்சி என்பதுதான் ருசிகரமான விஷயம். பத்திரத்தில் கையெழுத்திட்டவர் மெய்யாகவே அந்த உத்தியோகஸ்தர்தான். முத்திரை மெய்யான முத்திரைதான். இதற்கு மட்டுமே அது சாட்சி. பத்திரத்தில் எழுதியிருப்பது நிஜமா என்று அது சொல்லாது. சொல்லக் கூடாது என்பதே விதி. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் முந்தின கண்ணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைசிக் கண்ணி எதைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தால், எப்போதோ ஒரு நாள் காலையில், ஒரு மோட்டார் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பையனை வண்டி ஓட்டச் சொல்லிப் பார்த்த பத்து நிமிஷத்தைத்தான்.

எங்களுக்கு அப்போஸ்டில் தேவைப்படவில்லை. சட்டம் கேட்டது, கொடுத்த அலுவலகத்தின் சான்றோ தூதரகத்தின் உறுதியோதான். ஆகவே நானும் பெரியப்பாவும் அந்தப் பத்து நிமிஷத்தைத் தேடிப் புறப்பட்டோம்.

எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. அங்கே போன பிறகுதான் தெரிந்தது, தேதியைவிடப் பெரிய சிக்கல் பெயரில் இருக்கிறது என்று. பையன் பெயரில் ஒரு 'த' வருகிறது. தமிழ்நாட்டில் 'த'வை இங்கிலீஷில் எழுதும்போது 'டி' போட்டுப் பக்கத்தில் ஒரு 'ஹெச்' போடுவோம். வடக்கே வெறும் 'டி'யோடு நிறுத்திக்கொள்வார்கள். பழைய லைசென்ஸைக் கணினியில் ஏற்றிய யாரோ, சிக்கனக்காரர் போலிருக்கிறது, 'ஹெச்'சை விட்டுவிட்டார். பாஸ்போர்ட்டில் 'ஹெச்' இருந்தது. போதாததற்கு, லைசென்ஸில் தகப்பனார் பெயர் நம் வழக்கப்படி இனிஷியலாக ஓர் எழுத்தில் நின்றது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட அநுமதி இல்லாததால் பெரியப்பாவின் பெயர் முழுசாக நீண்டிருந்தது. இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு ஆசாமிகள்!

ஊர் விஷயமும் அப்படித்தான். அவன் 1984-இல் பிறந்தபோது பெரணமல்லூர் வட ஆற்காடு மாவட்டம். 1989 செப்டம்பரில் மாவட்டத்தைப் பிரித்ததும் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் ஆயிற்று. பிறகு சம்புவராயரும் போய் வெறும் திருவண்ணாமலை மாவட்டம். பிறப்புச் சான்றில் ஒன்று, பள்ளிக்கூடச் சான்றில் ஒன்று, லைசென்ஸில் ஒன்று. ஊர்ப் பெயரையே இங்கிலீஷில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே பையன் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்திருக்கிறான்.

"பழைய ரிஜிஸ்தரைப் பார்த்தால்தான் திருத்த முடியும். அது இங்கே இல்லை" என்றார் குமாஸ்தா. நடுவில் அலுவலகத்தை இரண்டாகப் பிரித்தபோது சில ரிஜிஸ்தர்கள் அந்தப் பக்கம் போய்விட்டனவாம். அந்தப் பக்கம் போனோம். இந்தப் பக்கம்தான் இருக்கும் என்றார்கள். இப்படி மூன்று நடை. மூன்று நடைக்கும் பெரியப்பா வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, மகன் எழுதி அனுப்பிய அதிகாரக் கடிதத்தைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தார். அங்கே அறுபது நாள் கெடு கரைந்துகொண்டிருந்தது. பையன் குடோன் ஒன்றில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான்.

காத்திருந்த பெஞ்சியில் ஒரு நாள் பெரியப்பா சொன்னார்: "பட்டா இல்லையான்னு கேட்டா, ஒரு இழையைப் பிரிச்சுக் கொளுத்திக் காட்டுவோம். தலைமயிர் கருகின நாத்தம் வரணும். சாம்பலை நசுக்கினாப் பொடியாப் போவணும். சரிகையா இல்லையான்னா, நகத்தால சுரண்டினா உள்ளே சிவப்பு நூல் தெரியணும். இப்ப இந்தப் பையன் விஷயத்தில எதைக் கொளுத்திக் காட்டறது?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: "ஆனா ஒண்ணுடா. இப்பப் புடைவைக்கும் சீட்டு வந்துட்டது இல்ல? பம்பாய்க்காரி கடையில நின்னுக்கிட்டுப் புடைவையைக் கொளுத்திப் பார்ப்பாளா? அவளுக்குச் சீட்டுதான் சாட்சி."

அவர் சொன்னது 'சில்க் மார்க்' என்ற முத்திரையை. மத்திய பட்டு வாரியத்தார் 2004-இல் ஏற்படுத்தியது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறார்கள். ஐம்பது வருஷம் விரலால் பட்டை அறிந்த மனிதர், விரல் எட்டாத தூரத்தில் சீட்டுத்தான் பேச வேண்டும் என்று ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. அதுவரை நான் இந்த முத்திரைகளை எல்லாம் வெறும் உபத்திரவம் என்றே நினைத்திருந்தேன். கை எட்டுகிற தூரத்தில் இருப்பவனுக்குப் பொருளே சாட்சி. எட்டாத தூரத்தில் இருப்பவனுக்குக் காகிதம்தான். பெரணமல்லூர்த் தெருவில் எங்கள் பையனுக்குச் சான்று தேவையில்லை. அவன் ஹார்ன் சத்தம் கேட்டே அத்தை கதவைத் திறப்பாள். எட்டாயிரம் மைலுக்கு மேற்பட்ட தூரத்தில், கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும்? போலி லைசென்ஸ் என்பதும் உலகத்தில் இல்லாமல் இல்லை. அவள் கேட்பது நியாயந்தான். நியாயமான கேள்விக்குப் பதில் ஒரு அலமாரியில் பூட்டிக் கிடப்பதுதான் அநியாயம்.

நாலாவது நடையில் ரிஜிஸ்தர் கிடைத்தது. ஓய்வு பெறும் வயசில் இருந்த ஓர் உத்தியோகஸ்தர், தாமே ஸ்டூல் போட்டு ஏறி எடுத்தார். தூசியைத் தட்டிப் பிரித்தார். 2003-ஆம் வருஷத்துப் பக்கம் ஒன்றில், மீசை சரியாக அரும்பாத ஒரு பையன் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் கையால் எழுதிய பெயர். 'ஹெச்' இருந்தது. கீழே பையனின் கோணல் கையெழுத்து. அதற்கும் கீழே பரீட்சை நடத்திய இன்ஸ்பெக்டரின் கையெழுத்து. நாங்கள் தேடிவந்த பத்து நிமிஷம் அந்த மை உருவத்தில்தான் இருந்தது.

பெரியப்பா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "அன்னிக்கு என் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போயிருக்கான்" என்றார்.

பெயர் திருத்தமாயிற்று. சான்று தயாராயிற்று: இன்ன எண் லைசென்ஸ், இன்னாருக்கு, இன்ன தேதியில் முதன்முதல் வழங்கப்பட்டது, இன்ன தேதியில் புதுப்பிக்கப்பட்டது, இன்னின்ன ரக வண்டி. உத்தியோகஸ்தர் கையெழுத்திட்டு முத்திரை வைக்கப் போனார்.

"ஐயா, ஒரு விஞ்ஞாபனம்" என்றார் பெரியப்பா. "நல்லா ஓட்டுவான், இருபது வருஷத்தில ஒரு கேசு கிடையாதுன்னு ஒரு வரி சேர்த்துப் போட்டா ஆகாதுங்களா?"

உத்தியோகஸ்தர் பேனாவை நிறுத்தினார். அவர் எரிந்து விழுந்திருக்கலாம். விழவில்லை. "பெரியவரே, உங்க பையன் லைசென்ஸ் வச்சிருக்கான்னு நான் சொல்லலாம். நல்லா ஓட்டுவான்னு சொல்ல இந்தக் காகிதத்தில் இடமில்லை. நான் அவன் வண்டியில் ஏறினதில்லையே!" என்றார்.

எவ்வளவு நேர்மையான பதில்! ஆனால் பெரியப்பாவின் முகம் வாடிவிட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில் அவர், "இத்தனை நடை நடந்தும், சொல்ல வேண்டியதைச் சொல்லாம வாங்கிட்டு வந்திருக்கோம்" என்றார்.

காகிதம் டொரண்டோவுக்குப் போயிற்று. அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் அதை வைத்துக்கொண்டு உறுதிக் கடிதம் கொடுத்தார்கள். கவுண்டரில் இருந்த பெண்மணி கடிதத்தைப் படித்து, கணினியில் தட்டி, "சரி, பரீட்சைக்குத் தேதி வாங்கிக்கொள்" என்றாளாம். அவ்வளவுதான். ஊர் ரிஜிஸ்தர், முத்திரை, தூதரகம் எல்லாம் சேர்ந்து பையனை ஜயிக்க வைக்கவில்லை; பரீட்சைக்கு உட்காருகிற நாற்காலி வரையில் கொண்டுபோய் விட்டன. துபாய்க்குப் போகிற நம் டிரைவர்களும் இதை அறிவார்கள். இங்கே எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும், அங்கே பரீட்சையில் தேறித்தான் சாவியைத் தொடலாம். சிங்கப்பூரிலும் நம் லைசென்ஸை மாற்றிக்கொள்ள முதலில் விதிகளில் ஒரு பரீட்சை தேற வேண்டும்.

பரீட்சைக்கு முன்னால் ஸ்கார்பரோவில் ஓர் ஆசிரியரிடம் நாலு நாள் பயின்றான். யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாளே அவர் சொன்னது: "தம்பி, நீர் நல்லாத்தான் ஓட்டுறீர். ஆனால் கண்ணாடியில பார்க்கிறது காணாது. கழுத்தைத் திருப்பிப் பாரும். நீர் பார்த்தது சோதனைக்காரருக்குத் தெரிய வேணும்." இருபது வருஷம் கண்ணாடியும் காதுமாக ஓட்டியவனுக்குக் கழுத்தைத் திருப்புவது தறிக்காரன் மறுபடி நாடா பிடிக்கக் கற்பது போல இருந்ததாம். ஆளரவமே இல்லாத முச்சந்தியிலும், 'நில்' என்ற பலகையைக் கண்டால் சக்கரம் முழுக்க நிற்க வேண்டும். ஹார்னைத் தொடவே கூடாது. "யாருமே இல்லாத எடத்தில யாருக்காக நிக்கறது?" என்று பெரியப்பா டெலிபோனில் கேட்டார். "பலகைக்காக, அப்பா" என்றான் மகன்.

ஜூன் மாதம் பரீட்சை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்துகொண்டார். பேச்சுக் கிடையாது. இடது, வலது என்ற இரண்டு வார்த்தைகளுக்கு மேல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நெடுஞ்சாலையில் ஏறச் சொன்னார், இறங்கச் சொன்னார். திரும்பி வந்து நிறுத்தியதும், கையிலிருந்த கருவியில் ஏதோ குறித்தார். பிறகு, "எத்தனை வருஷமாக ஓட்டுகிறாய்?" என்று கேட்டார். "இருபது" என்றான் இவன். "தெரிகிறது" என்றாராம்.

அந்த ஒரு வார்த்தையைத்தான் பெரியப்பா காகிதத்தில் எழுதச் சொல்லிக் கேட்டார். அது எந்தக் காகிதத்திலும் இல்லை, முத்திரையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தவன் வாயிலிருந்துதான் அது வர முடியும் போலிருக்கிறது.

பார்சல் கம்பெனியில் வண்டி கொடுத்துவிட்டார்கள். முதல் மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடனுக்கு வட்டி வந்தது. தபாலில் வந்து சேர்ந்த புது லைசென்ஸைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தான். நான் பெரணமல்லூருக்குப் போனபோது பெரியப்பாவிடம் அதைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்த ஊர் வழக்கப்படி குடும்பப் பெயர்தான் முதலில் வருகிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது. கம்பெனியில்கூடப் பையனை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம்.

"ஏண்டா, இது என் பேர் இல்ல?" என்றார்.

"ஆமாம் பெரியப்பா."

"இத்தனை பேர் பார்த்து, இத்தனை முத்திரை குத்தி, கடைசியில என் பேர்லயா லைசென்ஸ் கொடுத்திருக்காங்க?" கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டெலிபோனை என்னிடம் கொடுத்துவிட்டு, ரகசியம் சொல்வது போலச் சொன்னார்: "நான் சைக்கிளே ஒழுங்கா விட்டதில்லடா."